எந்திரம் எழுதிய திருத்தம், மனிதர் இடும் கையெழுத்து

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிட்ஹப் தளத்தில் லூக் எசாப் என்றொரு இளம் நிரலாளர் நடமாடிக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் மென்பொருளைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து எழுதும் இடம் கிட்ஹப். அங்கே யாருடைய மென்பொருளாவது சோதனையில் தோற்றுப்போனால், சில வேளைகளில் லூக் வந்து ஒரு சிறு திருத்தத்தை முன்வைப்பார். அப்படி வந்தவற்றில் ஐந்து திருத்தங்களை அந்தந்த மென்பொருளின் பொறுப்பாளர்கள் படித்துப் பார்த்து, சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

லூக் எசாப் என்று ஒரு மனிதர் கிடையாது. ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஹெச் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் மோன்பெருஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ‘ரிப்பேர்நேட்டர்’ என்ற மென்பொருள்தான் அந்தப் பெயரில் உலவியது. உடைந்துபோன மென்பொருள்களை இரவும் பகலும் தேடிப்பிடித்து, மனிதர் யாரும் கைவைப்பதற்குள் திருத்தம் எழுதுவது அதன் வேலை. அதற்கு ஏன் ஒரு மனிதப் பெயர்? எந்திரம் எழுதியது என்று தெரிந்தால் படித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். திருத்தத்தை அதன் தகுதிக்காக மட்டும் எடைபோட வேண்டும் என்பதற்காகவே முகத்தை மறைத்தார்கள். சோதனை முடிந்ததும் அதே ஆண்டில் உண்மையை வெளியிட்டார்கள்.

மறைப்பு ஓரிடத்தில் மட்டும் முட்டிக்கொண்டது. எக்ளிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் உள்ள ஒரு திட்டத்துக்கு லூக் திருத்தம் அனுப்பியபோது, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடமிருந்து மட்டுமே திருத்தம் வாங்குவோம் என்று பதில் வந்தது. திருத்தம் சரியா தவறா என்ற பேச்சே எழவில்லை. ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்ற கேள்விதான் எழுந்தது. மென்பொருளால் கையெழுத்துப் போட முடியாது. தானியங்கிப் பிழைதிருத்தம் என்ற துறை இன்றுவரை போராடிக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுவேதான்.

காவிரி டெல்டாவில் நெல் விளைவிக்கும் ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நெல் விற்க இணையத்தில் பதிவு, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு, சிட்டா அடங்கலும் இணையத்தில், விற்ற பணம் நேராக வங்கிக் கணக்கில். மேட்டூரில் தண்ணீர் திறப்பதிலிருந்து தை மாசியில் சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்து சேரும்வரை, விவசாயியின் ஒவ்வொரு அடியும் எங்கோ ஒரு கணினியில் ஒரு வரியாகப் பதிகிறது. அந்த மென்பொருள்களில் பிழை வந்தால் யாரோ திருத்த வேண்டும். வருங்காலத்தில் அந்த ‘யாரோ’ ஒரு மென்பொருளாகவே இருக்கக்கூடும். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பெங்களூருக்கும் சென்னைக்கும் மட்டும் உரிய கவலை இல்லை.

ஒரு சிறு கற்பனை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் நனைந்த ஆண்டுகளில் விவசாயிகள் தளர்வு கேட்பதும், மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவதும், சில ஆண்டுகளில் வரம்பு உயர்த்தப்படுவதும் டெல்டாவுக்குப் பழகிய கதை. இந்த விதியைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் வரம்பு 19 ஆக உயர்த்தப்படுகிறது. மென்பொருளோ 18 சதவீதம் உள்ள சிப்பங்களை இன்னமும் திருப்பி அனுப்புகிறது. பிழைதான். இதைத் தானியங்கிக் கருவியிடம் கொடுக்கிறோம். கூடவே இரண்டு சோதனைகளும் கொடுக்கிறோம்: 16 சதவீத நெல்லை ஏற்க வேண்டும், 18 சதவீத நெல்லையும் ஏற்க வேண்டும். கருவி ஒரு நிமிடத்தில் திருத்திவிடுகிறது. இரண்டு சோதனைகளும் தேறிவிட்டன. திறந்து பார்த்தால், ஈரப்பதத்தைப் பார்க்கும் வரியையே அது அழித்துவிட்டிருக்கிறது. இனி 25 சதவீத ஈரத்தோடு வரும் நெல்லும் கிடங்குக்குப் போகும். அங்கே அது சூடேறி முளைவிட்ட பிறகுதான் செய்தி வெளியே தெரியும்.

கற்பனை என்று சொன்னாலும், இது நடந்த கதையின் சாயல்தான். 2009-இல் வெஸ்ட்லி வைமர், கிளேர் லெ கூஸ், ஸ்டெஃபனி ஃபாரஸ்ட் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஜென்ப்ராக்’ என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைப்போல, அது ஒரு நிரலின் வரிகளை அழித்தும் இடம் மாற்றியும் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டியும் ஆயிரக்கணக்கான மாற்று வடிவங்களை உண்டாக்கும். கொடுத்த சோதனைகளில் தேறும் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். 2012-இல் அந்தக் குழு வெளியிட்ட முடிவு துறையையே நிமிர்ந்து பார்க்க வைத்தது. 105 பிழைகளில் 55-ஐ ஜென்ப்ராக் திருத்தியது. வாடகைக் கணினிச் செலவு ஒரு பிழைக்கு எட்டு டாலர்.

மூன்று ஆண்டுகள் கழித்து எம்ஐடி பேராசிரியர் மார்ட்டின் ரினார்டின் குழு அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தது. உண்மையிலேயே சரியாகத் திருத்தப்பட்டவை இரண்டு பிழைகள் மட்டுமே. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை, மென்பொருள் செய்ய வேண்டிய ஒரு வேலையை வெறுமனே நீக்கிவிட்டதற்குச் சமம். ஈரப்பத வரியை அழித்ததைப்போல. சோதனை தேறியது, மென்பொருள் ஊனமானது.

இந்த ஆய்வு துறைக்குச் செய்த நன்மை பெரிது. ‘சோதனையில் தேறிய திருத்தம்’ வேறு, ‘சரியான திருத்தம்’ வேறு என்பதை எண்களோடு காட்டியது. அதுவரை எத்தனை பிழைகளைத் திருத்தினோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், திருத்தியதில் எத்தனையை ஒரு மனிதர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வார் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்வியை நிரலாளர்களிடமே நேரடியாகக் கொண்டுபோனது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் அபிக் ராய்சௌத்ரி இந்தத் துறையில் நீண்டகாலமாக உழைப்பவர். அவரும் யானிக் நோலர் உள்ளிட்ட குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட மென்பொருள் பணியாளர்களிடம் கேள்விகள் அனுப்பி, 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்திரம் எழுதிய திருத்தத்தை எப்போது நம்புவீர்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், அது பத்து யோசனை சொன்னால் பத்தையும் படிப்பீர்களா என்பன போன்ற மிகச் சாதாரணமான கேள்விகள். இவற்றைத் துறையின் முதல் பத்தாண்டுகளில் பெரிதாக யாரும் கேட்டிருக்கவில்லை என்பதுதான் வியப்பு.

பதில்களில் ஒரு பணியாளரின் அன்றாடம் தெரிகிறது. அதிகம் போனால் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். பத்துத் திருத்தங்கள் வரை புரட்டிப் பார்ப்பார்கள், அதற்கு மேல் பொறுமை இல்லை. திருத்தத்தோடு கூடுதல் சோதனைகளையும் கருவி தந்தால் நம்பிக்கை கூடும். ஆனால் கருவியோடு நெடுநேரம் உட்கார்ந்து கேள்வி பதில் நடத்திச் சொல்லிக்கொடுக்க விருப்பம் இல்லை. எதுவானாலும் கடைசியில் ஒரு மனிதர் படித்துப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். இதே அளவுகோலை வைத்து அந்தக் குழு அன்றைக்கு இருந்த கருவிகளைச் சோதித்தது. ஒரு மணி நேரத்துக்குள், முதல் பத்து யோசனைகளுக்குள், தரமான திருத்தத்தைக் கொண்டுவர அவற்றால் முடியவில்லை. தங்கள் துறையின் கருவிகளைப் பற்றித் தாங்களே இப்படி எழுதி வெளியிட்டதை ஒரு நேர்மையான செயலாகவே கருத வேண்டும்.

கூடுதல் சோதனைகளைக் கேட்டார்களே, அதன் நியாயம் டெல்டாக்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு புதிய ரகம் வெளிவரும் முறையை எண்ணிப் பார்க்கலாம். 1998-இல் வந்த ஆடுதுறை 43 ஆனாலும் சரி, வேறு எந்த ரகமானாலும் சரி, நிலையத்து வயலில் நன்றாக விளைந்தது என்பதோடு கதை முடிவதில்லை. பல ஊர்களில், பல மண்ணில், பல பட்டங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். பிறகு விவசாயிகளின் வயல்களிலேயே சோதனைத் திடல் போடுகிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் மாநில ரக வெளியீட்டுக் குழுவுக்கு முன்னால் வைக்கப்பட்ட பிறகுதான் ஆடுதுறை என்ற பெயரோடு ஓர் எண் சேர்கிறது. விவசாயி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. ஆனால் தன் வயலைப்போன்ற ஒரு வயலில் அது தாக்குப்பிடித்தது என்ற செய்தி பக்கத்து ஊர் வழியாக அவரிடம் வந்துசேர்கிறது. கருவி எழுதிய திருத்தம், ‘நீங்கள் சொல்லாத இந்த இந்த நிலைகளிலும் ஓட்டிப் பார்த்தேன், இன்னின்ன விடை வந்தது’ என்று தன் திடல் கணக்கோடு வந்தால், படிப்பவர் அதைப் புரட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. ஈரப்பதக் கதையில் 25 சதவீத நெல்லையும் ஒரு சோதனையாகப் போட்டுக் காட்டியிருந்தால், பிழை அந்த இடத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது நேரம். ஃபேஸ்புக் நிறுவனத்தில் ‘இன்ஃபர்’ என்றொரு பிழைதேடும் கருவி இருக்கிறது. முதலில் அது கண்டுபிடித்த பிழைகளைப் பட்டியலாகப் போட்டு நிரலாளர்களிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒருவரும் திருத்தவில்லை. பிறகு, ஒருவர் புதிய நிரலை எழுதிச் சக பணியாளரின் பார்வைக்கு அனுப்பும் அதே வேளையில், அந்த வரிக்குப் பக்கத்திலேயே பிழையைச் சுட்டிக்காட்டும்படி மாற்றினார்கள். திருத்தப்பட்ட விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. கருவியின் அறிவு ஒரு துளியும் கூடவில்லை. அதே கருவி, அதே அளவு தவறான எச்சரிக்கை. எழுதிய கை இன்னும் அந்த வரியின் மேல் இருக்கும்போது சொன்னார்கள், அவ்வளவுதான். பிற்பாடு அதே நிறுவனம் 2018-இல் ‘சாப்ஃபிக்ஸ்’ என்ற தானியங்கித் திருத்தும் கருவியைக் கொண்டுவந்தபோது, திருத்தத்தை உள்ளே சேர்க்கும் முடிவை நிரலாளரிடமே விட்டுவைத்தது.

கடந்த சில ஆண்டுகளில் களம் தலைகீழாக மாறிவிட்டது. மனிதர் எழுதியவற்றைக் கோடிக்கணக்கில் படித்துப் பழகிய பெரிய மொழி மாதிரிகள் இப்போது திருத்தம் எழுதுகின்றன. இவற்றை அளக்க 2023-இல் ‘எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்’ என்ற தேர்வுத்தாள் வந்தது. புகழ்பெற்ற 12 பைத்தான் மென்பொருள்களில் உண்மையில் எழுந்த 2,294 சிக்கல்கள் அதில் உள்ளன. அந்த ஆண்டு முதன்முதலில் சோதித்தபோது மிகச் சிறந்த மாதிரியே இரண்டு சதவீதத்தைத் தொடவில்லை. அடுத்த ஆண்டிலேயே ராய்சௌத்ரி குழுவின் ‘ஆட்டோகோட்ரோவர்’ போன்ற கருவிகள் அதன் சுருக்கப் பதிப்பில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கின. அதன் பின் வந்த வேகம் இன்னும் அதிகம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு நடத்திய போட்டியின் இறுதிச்சுற்றில், 2025 ஆகஸ்டில், மனிதக் கை படாமல் ஓடிய கருவிகள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட 54 ஓட்டைகளைக் கண்டுபிடித்து 43-ஐ அடைத்தன.

திறமை இப்படி ஏற, நம்பிக்கை கூடவே ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் ஆண்டுதோறும் நிரலாளர்களிடம் நடத்தும் கருத்தெடுப்பில், 2025-இல் 84 சதவீதத்தினர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதாக அல்லது பயன்படுத்தப்போவதாகச் சொன்னார்கள். அதே கருத்தெடுப்பில் அவற்றின் விடைகள் துல்லியமானவை என்று நம்புவோர் 33 சதவீதம், நம்பாதோர் 46 சதவீதம். மிகுதியானோர் சொன்ன குறை: விடை ஏறத்தாழச் சரியாக இருக்கிறது, முழுக்கச் சரியாக இல்லை. முழுத் தவறு என்றால் உடனே தெரிந்துவிடும். ஏறத்தாழச் சரி என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பொழுது போகிறது.

அந்தப் பொழுதை ஒரு குழு அளந்தும் பார்த்தது. மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025-இல் அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு, அவர்கள் நன்கறிந்த மென்பொருள்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்தது. சில வேலைகளுக்குக் கருவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கருவியோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. செய்து முடித்தவர்களோ, தங்கள் வேலை 20 சதவீதம் வேகமாக முடிந்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். சிறிய ஆய்வு, அன்றைய கருவிகள், ஒரு வகை வேலைகள். எல்லாவற்றுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் தன் வேகத்தைப் பற்றிய தன் கணிப்பே இவ்வளவு பிசகும் என்றால், கருவியின் தரத்தைப் பற்றிய வெறும் உணர்வை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

நம்பிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் புதுப்பிப்பை ஒரு தானியங்கிச் சோதனை சரிபார்த்துத்தான் அனுப்பியது. சரிபார்க்கும் மென்பொருளிலேயே பிழை இருந்தது. தேறியது என்று அது சொன்னதை நம்பி, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். இனி சிறு பகுதியினருக்கு முதலில் அனுப்பிப் பார்த்து, படிப்படியாகவே விரிவாக்குவோம் என்று பிறகு அந்த நிறுவனம் அறிவித்தது. எந்திரம் எழுதும் திருத்தத்துக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். கொஞ்சம் பேருக்கு முதலில், கெட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பும் வழி, திரும்பச் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பது முன்கூட்டியே எழுத்தில்.

இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்ட இடங்களில் ஒன்று வகுப்பறை. கான்பூர் ஐஐடியில் முதலாண்டு மாணவர்கள் சி மொழியில் எழுதிய, பிழையுள்ள 6,971 நிரல்களை எடுத்துக்கொண்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆதித்ய கனடே குழுவினர் 2017-இல் ‘டீப்ஃபிக்ஸ்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். அது 1,881 நிரல்களை முழுமையாகத் திருத்தியது. விடுபட்ட அரைப்புள்ளி, மூடாத அடைப்புக்குறி, அறிவிக்காத மாறி என்று புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்தான் பெரும்பாலும்.

அதே ஆண்டு கான்பூரைச் சேர்ந்தவர்களும் சிங்கப்பூர்க் குழுவும் சேர்ந்து இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். கருவி எழுதிய திருத்தங்களைக் குறிப்பாகக் கொடுத்தால் யாருக்குப் பயன்? விடைத்தாள் திருத்தும் உதவியாளர்களுக்குப் பயன்பட்டது. புதிதாகப் படிக்கும் மாணவர்களுக்கோ அவற்றை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்றே தெரியவில்லை. நிரலைப் படிக்கத் தெரிந்தவரின் கையில் கருவி உதவியானது. தெரியாதவரின் கையில் அது இன்னொரு புரியாத நிரல் மட்டுமே.

தஞ்சாவூரில் உட்கார்ந்து யோசித்தால் இந்த முடிவு மிக நெருக்கமானது. திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா, செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி, கும்பகோணத்தைச் சுற்றியும் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமும் இன்னும் பல கல்லூரிகள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்காவும் திறக்கப்பட்டுவிட்டது; படித்த பிள்ளைகள் ஊரிலேயே இருந்து மென்பொருள் வேலை பார்க்க ஒரு வாசல். ஆனால் அந்த வாசலில் நுழையும் இளைஞருக்கு முன்பெல்லாம் கிடைத்த முதல் வேலை, மூத்தவர்கள் ஒதுக்கித் தள்ளிய சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துவது. தொழில் பழகியதே அங்கேதான். அந்த வேலையைத்தான் கருவிகள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது, கருவி எழுதியதைப் படித்து, இது சரி, இது தப்பு என்று சொல்லித் தன் பெயரைப் போடும் வேலை. பழகுவதற்கு இடம் இல்லாமலே தேர்ச்சியை மட்டும் கேட்கும் வேலை அது.

கல்லூரி லேப் தேர்வுகள் இன்னமும் எழுதுவதை மட்டுமே சோதிக்கின்றன. விடை திரையில் வந்தால் மதிப்பெண். மற்றொருவர் எழுதிய நிரலைப் படித்து, அது எந்த உள்ளீட்டில் உடையும் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வு அரிது. மாற்றுவதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ‘டிஃபெக்ட்ஸ்4ஜே’ என்ற தொகுப்பு 2014 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான ஜாவா மென்பொருள்களில் எழுந்த 357 பிழைகளோடு தொடங்கி, இன்று அதைவிடப் பெருகியிருக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் மனிதர் எழுதிய சரியான திருத்தமும் சோதனைகளும் கூடவே இருக்கின்றன. அதிலிருந்து ஒரு பிழையை எடுத்து, ஒரு கருவியிடம் திருத்தம் எழுதி வாங்கி, அதை மாணவரின் முன் வைத்து ஒரு மணி நேரம் கொடுக்கலாம். ஏற்பதா மறுப்பதா என்று அவர் முடிவுசெய்யட்டும். மறுத்தால், அந்தத் திருத்தத்தை உடைக்கும் ஒரு சோதனையை எழுதிக் காட்டட்டும். ஏற்றால், எந்தெந்த நிலைகளில் ஓட்டிப் பார்த்து ஏற்றார் என்று எழுதித் தன் பெயரைப் போடட்டும். அடுத்த செமஸ்டரிலேயே ஓர் ஆசிரியர் இதைத் தொடங்கிவிடலாம். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.